குங்குமம் வைத்த படம்

அத்தியாயம் 14

திருவிழா முடிந்த மறுநாள் தோட்டத்தில் எல்லாருக்கும் உடம்பு வலிக்கும். மாடசாமி குடும்பத்துக்கு அந்த வருடம் மனசும் சேர்ந்து வலிக்கப் போகிறது என்பது மாரியம்மனுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை.

போன வார அத்தியாயத்தின் திருவிழாக் கூட்டத்தில் கதையைத் தொலைத்தவர்களுக்காகக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிற்சங்கத் தலைவர் மாடசாமி. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் விஜயலெட்சுமி, பதுளையில், அவள் அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் நிஸாமின் இன்டர்நெட் கடை மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாள். இளையவன் சின்னராசாவுக்குக் கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் வேலை.

திருவிழாவுக்கு விஜி ஒரு படம் கொண்டு வந்தாள். செயற்கைக்கோள் வைத்து ஆகாயத்திலிருந்து எடுத்து, கூகுள்காரன் இன்டர்நெட்டில் போட்டிருக்கும் படம். தங்கள் பக்கமெல்லாம் மங்கலாக இருக்க, ஒரு பட்டை மட்டும் தெளிவாக வந்திருந்தது. அந்தப் பட்டைக்குள் அவர்கள் தோட்டம் இருந்தது. தாள் தாளாகப் பிரின்ட் எடுத்து, பசை போட்டு ஒட்டி, பாய் அகலத்துக்குக் கோயில் மண்டபத்தில் தொங்கவிட்டாள்.

சனம் அசந்துபோனது. தேயிலை மலையும், தேயிலை அரைக்கும் ஸ்டோரும், வரிசை வீடுகளான லயங்களும் அப்படியே தெரிந்தன. "நம்ம லயம் இம்புட்டுக் குட்டியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

தையல் மெஷினோ டீவியோ, புதுசாக எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைப்பதுதானே தோட்டத்துப் பழக்கம்? விஜியின் அம்மா வேலாயி சாமித் தட்டிலிருந்து குங்குமம் எடுத்து, படத்தில் தங்கள் லயத்து வீடான காம்பராவின் கூரைமேல் ஒரு பொட்டு வைத்தாள். அப்புறம் மற்றவர்கள் விடுவார்களா? ஒவ்வொரு வீட்டுக்காரியும் வந்து தன் கூரையைத் தேடிக் கண்டுபிடித்துப் பொட்டு வைத்தாள். பூசாரி கோயிலுக்குப் பெரிய பொட்டாக வைத்தார். ஆற்றுப் பாலத்தின் மேலும் ஒன்று வைத்தார். சாமிக்குக் கரகம் சோடித்து எடுத்து வருவது அந்தப் பாலத்தடியிலிருந்துதான்.

இதெல்லாம் 2007ஆம் வருடம், சித்திரை மாதம். அதற்கு முந்திய மாதம்தான் கொழும்புக்கு வடக்கே விமானப்படைத் தளத்தின்மேல் ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்திருந்தது. போர்க்காலம்; நாடே அண்ணாந்து பார்த்துப் பயந்துகொண்டிருந்த நேரம்.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் செய்தி படிக்காவிட்டால் விஜிக்குத் தேத்தண்ணி இறங்காது. வகுப்புக்கு முன்னால் கீழ்க்கடையில் உட்கார்ந்து உலகத்துச் செய்தியெல்லாம் மேய்வாள். பிடித்ததைத் தமிழில் எழுதி, கீழே தன் அபிப்பிராயத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேல்மாடி அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பாள். மாணவர்கள் அதற்கு 'விஜி மிஸ் பேப்பர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பொத்தான்களே இல்லாத போன் ஒன்று அமெரிக்காவில் வரப்போகிறது என்ற செய்திக்குக் கீழே, "மழையில் கொழுந்து எடுத்த கையால் இதைத் தடவினால் என்ன ஆகும் என்று அந்தக் கம்பெனிக்காரனைக் கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள். புது விண்டோஸ் வந்த செய்திக்கு, "நமது வகுப்புக் கம்ப்யூட்டர்கள் இதன் பெயரைக் கேட்டாலே மூச்சை விட்டுவிடும்" என்று எழுதினாள். இன்னொரு செய்தியும் பலகையில் இருந்தது. இந்த ஆகாயப் படங்களில் தங்கள் இராணுவ முகாம்கள் தெரிகின்றன என்று சில நாடுகள் முறைப்பாடு செய்த செய்தி. அதற்குக் கீழே விஜி எழுதியது ஒரே வரி: "ஆகாயத்துக்குக் கதவு போட முடியுமா?"

நிஸாம் நானா அதைப் பார்த்துவிட்டுப் போன வாரமே சொன்னார். "தங்கச்சி, இதக் கழட்டினா நல்லம்."

"செய்திதானே நானா. நான் எழுதினதா?"

"செய்தி அவன் எழுதினது. கடைசி வரி நீங்க எழுதினது."

விஜி சிரித்தாள். கழற்றவில்லை. நல்லது சொன்னால் காதில் ஏறாத வயசு ஒன்று எல்லாருக்கும் உண்டு. விஜிக்கு அது கொஞ்சம் நீண்டுவிட்டது.

இன்று காலையும் அவள் எதையோ படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தபோது கடைப் போன் அடித்தது. நிஸாம் எடுத்தார். கேட்டதும் முகம் மாறி, போனை அவளிடம் நீட்டினார். "ஒங்க தம்பி."

"அக்கா." சின்னராசாவின் குரல் சரியில்லை. "கொழும்பு பஸ்ஸ நிப்பாட்டி செக் பண்ணாங்க. என்னைய மட்டும் எறக்கிட்டாங்க."

"ஏன்டா? ஐடென்டி கார்ட் இருக்குல்ல?"

"கார்ட் இருக்கு. படம்தான் பெரச்சின."

"எந்தப் படம்?"

"பொட்டு வச்ச படம். அம்மா பையில வச்சு விட்டுச்சுல்ல? அதப் பாத்ததும் எல்லாரும் கூடிட்டாங்க. எதுக்கு செவப்பு மார்க்குன்னு கேக்கிறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல அக்கா."

எந்த ஊர்ப் பொலிஸ் என்று மட்டும் சொல்ல விட்டார்கள். அதோடு லைன் அறுந்துபோயிற்று. தோட்டத்தில் போன் இல்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் இந்தக் கடையுடையதுதான்.

விஜி போனை வைத்துவிட்டு, ஊர்ப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

விடியற்காலையில் வீட்டில் வேலாயி அந்தப் படத்தைச் சுருட்டியபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள். "சாமி முன்னாடி தொங்குன படம், தொணைக்குக் கூட இருக்கட்டும்," என்றாள் அம்மா. தம்பிக்கும் ஆசை. கடையில் கூட வேலை செய்கிறவர்கள் 'எந்தக் காட்டிலிருந்து வந்தாய்' என்று கேலி பண்ணுவார்களாம். இதுதான் எங்க ஊர் என்று விரித்துக் காட்ட வேண்டுமாம். படம் கசங்காமல் இருக்க ரப்பர் பட்டி போட்டுக் கொடுத்தது விஜிதான்.

அவள் அந்தச் செய்தியைப் படித்தவள். தமிழில் எழுதியவள். எங்கேயோ தூரதேசத்துச் சங்கதி என்று நினைத்தாளே தவிர, தன் வீட்டுப் பைக்குள் இருப்பதும் அதே சங்கதி என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை. படித்த முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தம்பியை உள்ளே போட்டுவிட்டால், எப்போது விடுவார்கள் என்று யாரைக் கேட்பது? அந்த வருடம் அப்படிப் போனவர்களைத் தேடி அலைந்த தாய்மாரைப் பற்றி அவள் பேப்பரில் படித்திருக்கிறாள்.

மாடசாமி அந்த நேரம் பதுளைக் கடைத்தெருவில்தான் இருந்தார். மகனைப் பஸ் ஏற்றிவிட்டு, திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வேலை முடிந்து மகளைப் பார்க்கக் கடைக்குள் நுழைந்தார். நெற்றியில் நேற்றைய திருநீறு இன்னும் இருந்தது.

விஜி சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

"படம் பாக்கிறது குத்தமா?" என்றார்.

"பாக்கிறது குத்தமில்லப்பா. பொட்டு வச்சதுதான். வெளியாளு பாத்தா குறி வச்ச மாதிரி இருக்கும். பாலத்துல வேற ஒண்ணு இருக்கு."

"பாலத்துல பூசாரில்ல வச்சாரு?"

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

மாடசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "புள்ளையாரு புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சிருச்சே. தோட்டத்துக்குப் பெருமைன்னு நான்தானே மண்டபத்துல கட்டச் சொன்னேன்."

நிஸாம் அதற்குள் கடையை வேலைக்காரப் பெண் ஹம்ஸியாவிடம் ஒப்படைத்துவிட்டு வேன் சாவியை எடுத்திருந்தார். "பேசிக்கொண்டு நிக்க நேரமில்ல. ஏறுங்க ரெண்டு பேரும்."

வேன் ஹாலிஎல ஊரைத் தாண்டியது. பிறகு மாடசாமி தொண்டையைச் செருமினார்.

"படத்த எடுத்தது நான்னு சொல்லிர்றேன். நான் கெழவன். என்னைய வச்சு என்னா பண்ணுவாங்க?"

"அப்பா, ஒங்களுக்கு மவுஸ் புடிக்கத் தெரியுமா? எடுத்துக் காட்டுன்னு சொன்னா என்னா பண்ணுவீங்க?"

மாடசாமி வெளியே தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் மகள் பக்கம் திரும்பி, சங்கக் கூட்டத்தில் பேசும் குரலை விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"சரி, நீயே பேசு. ஆனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தெரிஞ்சதெல்லாம் சொல்லாத. காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல தோட்டத்துத் தொரை கேள்வி கேட்டா நாங்க என்னா செய்வோம் தெரியுமா? மொதல்ல எச்சில முழுங்கிக்குவோம். அந்த நேரத்துல பாதி வார்த்தை உள்ளயே போயிரும். அப்பறம் மிச்சத்தச் சொல்லுவோம். இத்தன வருசம் அப்புடித்தான் வேல போகாம இருந்தோம்."

"சரிப்பா."

"சரின்னு சொல்லிட்டு வழக்கம்போல ஆரம்பிச்சிறாத. தவள தன் வாயாலதான் கெடும்."

முன்சீட்டில் நிஸாம் கண்ணாடி வழியாக விஜியை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

அந்தச் சிறு நகரத்துப் பொலிஸ் நிலையத்தில் சின்னராசா சுவரோரம் போட்டிருந்த ஒரு வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அடித்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் அக்காவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி உதடு கோணியது.

மேசையில் படம் விரித்துக் கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் வேலாயி கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலங்களை வைத்திருந்தார்கள். கோயில் மண்டபத்தில் அவ்வளவு மங்களமாக இருந்த குங்குமப் பொட்டுகள் இங்கே பார்த்தால் விஜிக்கே பயமாக இருந்தன.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். தூங்கிப் பல நாளான கண். சிங்களத்தில்தான் பேசினார். மாடசாமிக்குச் சந்தைச் சிங்களம்தான் வரும். விஜிக்கு நன்றாகவே வரும்.

"இதை யார் கொடுத்தது?"

விஜி எச்சிலை விழுங்கினாள். "நான்தான் சேர். இன்டர்நெட்டில் இருந்து எடுத்தேன்."

"இந்தச் சிவப்புக் குறிகள்?"

"குங்குமம். அவரவர் வீட்டுக் கூரைக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாக எது வந்தாலும் எங்கள் ஆட்கள் அப்படிச் செய்வார்கள்."

அதிகாரி ஒரு பொட்டை விரலால் தொட்டுத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு பாலத்தின் மேல் விரலை வைத்தார்.

"பாலத்தில் யார் வீடு இருக்கிறது?"

விஜி மறுபடி விழுங்கினாள். "அங்கேதான் சாமிக்குக் கரகம் எடுக்கிறது. அது பூசாரி வைத்தது."

மாடசாமி தன் பங்குக்குச் சிங்களத்தில் ஏதோ ஆரம்பித்து, வார்த்தை வராமல், தலைக்குமேல் கரகம் வைத்து நடக்கிற மாதிரிக் கையால் காட்டினார். நாற்பது லயத்துக்குத் தலைவர், பொலிஸ் மேசைக்கு முன்னால் கரகம் ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் குறைந்தது. கதிர்காமத்துக்குப் போய்ச் சாமி கும்பிடுகிற சிங்கள மனுசனாக இருக்க வேண்டும்.

"இது இன்டர்நெட்டில் யாருக்கும் கிடைக்குமா? காசு கொடுக்காமல்?"

"கிடைக்கும் சேர்."

"எனக்குக் காட்டு, நங்கி."

தங்கச்சி என்று கூப்பிட்டதும் விஜிக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியம்தான் வினை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், காசு கொடுத்து டெலிபோன் பேசும் ஒரு கொம்யூனிகேஷன் கடை இருந்தது. அங்கே இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் கான்ஸ்டபிள், சின்னராசா, மாடசாமி. நிஸாம் வாசலில் வேனில் சாய்ந்துகொண்டு நின்றார்.

லைன் மெதுவாக இருந்தது. படம் சதுரம் சதுரமாக வந்தது. முதலில் இலங்கை, பிறகு மலைநாடு, பிறகு அந்தத் தெளிவான பட்டை. விஜி தோட்டத்தைக் காட்டினாள். மேசையில் விரித்திருந்த அதே ஸ்டோர், அதே ரோடு, அதே பாலம். பொட்டு மட்டும் இல்லை.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். தம்பி தப்பித்தான் என்று அந்தப் பெருமூச்சிலேயே விஜிக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"பொலன்னறுவை தெரியுமா இதில்?" என்று கேட்டார் அவர். குரல் வேறு மாதிரி இருந்தது.

அவர் ஊரைச் சொன்னார். விஜி தேடிப் போனாள். அங்கே கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் ஒரு குளமும் கரையோரம் ஒரு பாதையும் தெரிந்தன. அதிகாரி திரையில் விரல் வைத்தார்.

"இந்த வளைவில் எங்கள் வீடு. அம்மா இருக்கிறாள். ஊருக்குப் போய் ஒன்பது மாதம்."

அவர் அந்த விரலை எடுக்க மனமில்லாமல் இருந்தார். மாடசாமி மகளைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டினார். போதும், எழுந்திரு என்று அர்த்தம். விஜி மவுஸை விட்டுக் கையை எடுக்கவும் போனாள்.

"அப்படியானால், நாங்கள் இருக்கும் இந்த இடம்?" என்றார் அதிகாரி. "இதுவும் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். லைன் நின்றுவிட்டது என்றிருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் சங்கதியில் தெரியாது என்ற வார்த்தையே விஜியின் வாயில் வந்ததில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்டாலும் சரி, நிஸாம் கேட்டாலும் சரி, பதிலுக்கு முன்னால் கை போகும். எச்சில் விழுங்குவதற்கு முன்னால் இப்போதும் கை போயிற்று.

"தெரியும் சேர். இந்த ரோடும் அந்தப் பட்டைக்குள்தான் வருகிறது. இருங்கள், கிட்டப் போகிறேன்."

வகுப்பில் பேசுகிற அதே உற்சாகக் குரல். தம்பி தப்பிய சந்தோஷம் வேறு. பின்னால் அப்பா இருமியதை அவள் கேட்கவே இல்லை.

பொலிஸ் நிலையத்தின் கூரை வந்தது. முற்றத்தில் நிற்கும் ஜீப் ஒரு புள்ளியாக வந்தது. விஜி படத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். நிலையத்துக்குப் பின்னால் மேட்டில், மரங்களுக்கு நடுவே, வரிசை வரிசையாக ஓர் இராணுவ முகாமின் தகரக் கொட்டகைகள் வந்தன. ரோட்டில் போகிறவர்களுக்கு அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மரம் மறைத்துக்கொண்டிருக்கும். ஆகாயத்திலிருந்து பார்த்தால் மரம் எதையும் மறைக்கவில்லை.

விஜியின் கை அப்படியே நின்றது. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதிகாரி திரையைப் பார்த்தார். எழுந்துபோய்க் கடை வாசலில் நின்று, தலையைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்தார். திரும்பி வந்தபோது பொலன்னறுவைக்காரர் முகம் போய்விட்டிருந்தது.

"இதை எப்படிப் பார்ப்பது என்று நீ எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்?"

இப்போது விஜி எச்சிலை விழுங்கினாள். வாய் காய்ந்து கிடந்தது. "நான் பதுளையில் வகுப்பு எடுக்கிறேன் சேர். பாடத்தில் இது இல்லை."

"வகுப்பு எங்கே?"

அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. அதனால் பயனில்லை. வாசலில் நின்ற வேனின் கதவில் நிஸாமின் கடைப் பெயரும் விலாசமும் பெரிய எழுத்தில் இருந்தன. கான்ஸ்டபிள் அதை உரக்க வாசித்துக் காட்டினான். எல்லாரையும் மறுபடி நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

"பையனை விடு," என்றார் அதிகாரி. "அவன் பையையும் கொடுத்துவிடு. படம் இங்கே இருக்கட்டும். நங்கியும் இங்கே இருக்கட்டும்."

"அக்காவ விட்டுட்டு நான் போகல," என்றான் சின்னராசா.

"டேய், போ." மாடசாமி அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். "பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போ. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. அக்காவும் நானும் சாயங்காலம் வந்துருவோம்னு சொல்லு."

அவன் முறுக்குப் பொட்டலங்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான்.

காலையில் தம்பி உட்கார்ந்திருந்த அதே வாங்கில் விஜி உட்கார்ந்தாள். மாடசாமி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் பெரிய பிள்ளை ஆனதற்கு அப்புறம் அவர் அப்படிச் செய்ததில்லை.

"மகன மீட்க மகளக் கொண்டாந்து விட்டுட்டேனே," என்றார்.

"நான்தான்பா. நீங்க சொல்லித்தான் கூட்டியாந்தீங்க. எனக்கு வாய் நிக்கல."

வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. இரண்டு பொலிஸ்காரர்களைப் பதுளைக்கு அனுப்புகிறார்கள். வகுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி உத்தரவு. விஜி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நிஸாம் தன் சட்டைப் பையில் கை விட்டு போனை எடுத்தார். ஹம்ஸியாவுக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கான்ஸ்டபிள் மரியாதையாகத்தான் கையை நீட்டினான். நிஸாம் போனை அவனிடம் கொடுத்தார். பிறகு இவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே இடம்தான் ஞாபகம் வந்தது. மேல்மாடி, அறிவிப்புப் பலகை, முகாம்கள் தெரிகின்றன என்ற செய்தி. அதற்குக் கீழே, 'ஆகாயத்துக்குக் கதவு போட முடியுமா?' பக்கத்தில் அவளுடைய முழுக் கையெழுத்து.

அதைக் கழற்றச் சொன்ன ஒரே மனுசரை ஜீப்பின் முன்சீட்டில் ஏற்றி, வழி காட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.